அலுவலக விக்கி: தொழில்நுட்ப எழுத்தாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் கையேடு எழுதுவது என் தொழில். கடைகளுக்கும் மருந்தகங்களுக்கும் பற்றுச்சீட்டு அடிக்கும் மென்பொருள், கூட்டுறவுச் சங்கங்களுக்கான கணக்கு மென்பொருள் போன்றவற்றுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகளுடன் சில சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கூடிப் பேசுவதுண்டு. விக்கி என்ற பேச்சை எடுத்தவுடன் ஒரே ஐயங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொரு முறையும் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவதை விட எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை, கேட்டவர்களின் வாசகத்திலேயே விட்டிருக்கிறேன். சிலவற்றில் கொஞ்சம் கோபமும் இருக்கும்.

விக்கி என்றால் விக்கிப்பீடியாதானே, அக்கா? அதை அலுவலகத்தில் வைத்து என்ன செய்வது?

விக்கிப்பீடியா விக்கிகளில் ஒன்று, அவ்வளவுதான். உலாவியில் திறந்து, அங்கேயே திருத்தி, சேமித்த கணமே மற்றவர்களுக்கும் தெரிகிற பக்கங்களின் தொகுப்பு எதுவானாலும் அது விக்கி. யார், எப்போது, எந்தச் சொல்லை மாற்றினார் என்பது முழுவதும் பக்கத்தின் வரலாற்றில் நிற்கும். ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு இணைப்புக் கொடுப்பது இரண்டு அடைப்புக்குறி போடுகிற வேலை.

முதல் விக்கியை வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995 மார்ச் 25 அன்று வெளியிட்டார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரையே அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் விரைவு. விக்கிப்பீடியா வந்தது 2001 ஜனவரியில். கன்னிங்காம் கலைக்களஞ்சியம் எழுதப் புறப்பட்டவர் அல்லர். நிரலாளர்கள் தங்கள் தொழிலில் கண்ட தீர்வுகளை எழுதிப் பகிர்ந்துகொள்ளவே அதை அமைத்தார். ஆகவே விக்கி அலுவலகத்துக்கு வருவது பிறந்த வீட்டுக்கு வருவது போலத்தான்.

எங்களிடம் வேர்ட் கோப்புகளும் பொதுக் கோப்புறையும் இருக்கின்றன. அவையே போதாதா?

மூன்று பேர் வேலை செய்கிற இடம், ஒரே மென்பொருள், ஆண்டுக்கு ஒருமுறை கையேடு என்றால் போதும். விக்கி போட்டுக்கொண்டு அல்லற்பட வேண்டாம். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், கோப்பு நகர்கிற இடத்தில். வேர்ட் கோப்பை ஒருவருக்கு அனுப்பினால் அவரிடம் போவது ஒரு பிரதி. அந்தக் கணத்திலிருந்து அது உங்களுடைய கோப்போடு உறவை முறித்துக்கொள்கிறது. விக்கியில் நீங்கள் அனுப்புவது பக்கத்தின் முகவரியை. அதை அவர் இன்று திறந்தால் இன்றைய பக்கம், ஆறு மாதம் கழித்துத் திறந்தால் அன்றைய பக்கம்.

முன்பு நான் வேலை செய்த ஓரிடத்தில், பற்றுச்சீட்டு அடிக்கும் பிரின்டரை இணைக்கும் முறை மாறியது. நான் அன்றைக்கே கையேட்டைத் திருத்திப் பொதுக் கோப்புறையில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். எங்கள் பையன் ஒருவர் மறுநாள் சாவகச்சேரியில் ஒரு கடைக்கு மென்பொருள் போடப் போனார். அவருடைய மடிக்கணினியில் இருந்தது மூன்று மாதத்துக்கு முந்திய பிரதி. அதில் இருந்தபடியே மத்தியானம் வரை முயன்று, கடைசியில் கடைக்காரர் கையாலேயே பில் எழுதத் தொடங்கிவிட்டார். திருத்திய கையேடு இருந்தது, திருத்தியதற்குச் சாட்சியும் இருந்தது, தேவைப்பட்டவர் கையில் மட்டும் அது இல்லை.

வட்ஸ்அப் குழுவில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் வருகிறதே. விக்கியில் போய்த் தேடுவதை விட அது சுலபம் இல்லையா?

கேட்பவருக்குச் சுலபம். பதில் சொல்பவரிடம் கேட்டுப் பாருங்கள். "கூட்டுறவுச் சங்கத்தில் மாத முடிவுக் கணக்கை எப்படி மூடுவது" என்ற கேள்விக்கு எங்கள் குழுவில் ஒரே ஆண்டில் எத்தனையோ தடவை பதில் எழுதப்பட்டது. ஒவ்வொரு பதிலும் கொஞ்சம் வித்தியாசம். இரண்டு பதில்கள் ஒன்றையொன்று மறுத்தன. அவற்றுக்கு நடுவே பிறந்தநாள் வாழ்த்துகளும் நல்லூர்த் தேர்ப் படங்களும்.

வட்ஸ்அப்பை ஒழிக்க முயலாதீர்கள், தோற்றுப்போவீர்கள். பதிலை விக்கிப் பக்கத்தின் இணைப்பாகக் கொடுங்கள். பக்கம் இல்லையென்றால் முதலில் மூன்று வரியில் ஒரு பக்கத்தைத் தொடங்கிவிட்டு இணைப்பை அனுப்புங்கள். சில மாதங்களில் மற்றவர்களும் அப்படியே செய்யத் தொடங்குவார்கள். எழுத்தில் ஆர்வம் வந்து அல்ல, திரும்பத் திரும்பத் தட்டச்சுச் செய்கிற அலுப்பினால்.

எல்லோரும் திருத்தலாம் என்றால் யாராவது நாசமாக்கிவிட மாட்டார்களா?

உள்ளேயே இருபது பேர் பயன்படுத்தும் விக்கியில், தங்கள் பெயரோடு, யாரும் வேண்டுமென்று நாசம் செய்வதில்லை. தவறுதலாக அழிப்பது நடக்கும். பக்க வரலாற்றைத் திறந்து முந்திய திருத்தத்தை மீளமைத்தால் சரி, அரை நிமிட வேலை.

இந்தக் கேள்வியை எழுப்புபவர்களிடம் நான் சொல்வது: உங்கள் விக்கியை யாராவது வந்து கெடுத்தால் சந்தோஷப்படுங்கள், யாரோ படிக்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலான அலுவலக விக்கிகள் சாவது ஆளரவம் இல்லாமல்தான்.

பொறியியலாளர்கள் எழுதவே மாட்டேன் என்கிறார்கள். எப்படித்தான் எழுத வைப்பது?

எழுத வைக்காதீர்கள். திருத்த வையுங்கள். வெற்றுப் பக்கத்தைக் கொடுத்து "உங்கள் பகுதியைப் பற்றி எழுதுங்கள்" என்றால் கெட்டிக்காரப் பொறியியலாளரும் ஒளிந்துகொள்வார். அதே ஆளிடம், அவருடைய பகுதியைப் பற்றி நீங்கள் பாதி புரிந்துகொண்டு எழுதிய பக்கத்தை நீட்டுங்கள். "இல்லை இல்லை, இருப்புக் குறைவது பில் அடித்தவுடன் அல்ல, பணம் பதிந்த பிறகு" என்று கை தானாகத் தொகுப்பானுக்குப் போகும். இணையத்தில் சரியான விடை வேண்டுமானால் பிழையான விடையைப் போடு என்பதைக் 'கன்னிங்காம் விதி' என்று சொல்வார்கள். தாம் அப்படிச் சொல்லவில்லை என்று கன்னிங்காமே மறுத்திருக்கிறார். யார் சொன்னாலும் உண்மை உண்மைதான். அதற்காக நீங்கள் வேண்டுமென்றே பிழையாக எழுத வேண்டியதில்லை. நமக்குத் தெரியாததால் பிழை இயல்பாகவே வந்துவிடும்.

நான் செய்வது இதுதான். ஒருவரின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசுவேன். பிறகு வந்து எழுதுவேன். விளங்காத இடங்களில் மழுப்பாமல், "பணம் திருப்பிக் கொடுத்தால் இருப்பு மீண்டும் கூடுமா?" என்று கேள்வியாகவே பக்கத்தில் விட்டுவிடுவேன். இணைப்பை அனுப்பி, "அண்ணை, மூன்று இடத்தில் கேள்வி இருக்கிறது, பாருங்கள்" என்பேன். முதல் தடவை பதிலை வட்ஸ்அப்பில்தான் அனுப்புவார். அதை நானே பக்கத்தில் சேர்ப்பேன். மூன்றாவது, நான்காவது தடவையில் அவரே சேர்ப்பார்.

அப்படிச் சேர்த்த அன்று ஒன்றை மட்டும் தவறியும் செய்யாதீர்கள்: அவருடைய எழுத்துப்பிழைகளை அடுத்த நிமிடமே திருத்தாதீர்கள். மாற்றம் நடந்ததாக அவருக்கு அறிவித்தல் போகும். திறந்து பார்த்தால் பக்கம் முழுவதும் உங்கள் சிவப்பும் பச்சையும். பள்ளிக்கூடத்தில் கட்டுரைக் கொப்பி திரும்பி வந்த ஞாபகம் வந்துவிடும், பிறகு எழுதவே மாட்டார். இரண்டு நாள் பொறுத்துத் திருத்துங்கள். விளக்கத்தில் பிழை இருந்தால் உடனே பேசுங்கள், ஒற்றுப் பிழை காத்திருக்கும்.

எல்லோருமே எழுதுவார்கள் என்றால் எனக்கு என்ன வேலை? சம்பளத்தை நிறுத்திவிட்டால்?

இதைக் கேட்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் கூட்டம் முடிந்து, மற்றவர்கள் எழுந்து போன பிறகு கேட்பார்கள்.

நம்முடைய ஊர்களில் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. நாலைந்து வளவுக்காரருக்கு உரிமை. எல்லோரும் அள்ளுவார்கள், தோட்டத்துக்கு முறைவைத்து இறைப்பார்கள். ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை முற்றாக இறைத்து, அடியில் கிடக்கிற சேற்றையும் விழுந்த வாளியையும் எடுக்காவிட்டால், இரண்டாவது கோடையில் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. எல்லோருடைய கிணறு என்பதாலேயே ஒருவரும் இறங்காமல் விடுகிற ஆபத்து இருக்கிறது. அலுவலக விக்கியில் இறங்குகிறவர் தொழில்நுட்ப எழுத்தாளர்.

சேறு என்றால் என்ன? ஒரே விடயத்தைச் சொல்லும் மூன்று பக்கங்களை ஒன்றாக்குவது. எந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு வராத பக்கங்களைக் கண்டுபிடிப்பது. தமிழ் விக்கிப்பீடியாவில் இவற்றுக்கு 'உறவிலி' என்று பெயர், பொருத்தமான பெயர். ஒருவர் 'வாடிக்கையாளர்' என்றும் இன்னொருவர் 'நுகர்வோர்' என்றும் எழுதியிருந்தால் எது என்று முடிவு செய்வது. காலாவதியான பக்கத்தின் தலையில் அதைச் சொல்லி எழுதிவைப்பது. இவற்றை நிரலாளர் செய்யமாட்டார், முகாமையாளருக்குச் செய்யத் தெரியாது. எழுதும் வேலை கொஞ்சம் குறைந்திருக்கிறது, தீர்ப்புச் சொல்லும் வேலை கூடியிருக்கிறது. சம்பளப் பேச்சின்போது இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

சரி, எந்த விக்கி மென்பொருளைப் போடுவது?

சிறிய நிறுவனம் என்றால் நான் முதலில் சொல்வது டோக்குவிக்கி. 2004 இலிருந்து இருக்கிறது, இலவசம், திறந்த மூலம். தரவுத்தளம் தேவையில்லை, ஒவ்வொரு பக்கமும் சாதாரண உரைக் கோப்பாகச் சேமிக்கப்படும். யார் எந்தப் பகுதியைப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பிரித்து வைக்கவும் வழி உண்டு. தமிழுக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இயல்பான அமைப்பில் பக்கத்தின் பெயரைக் கோப்புப் பெயராக்கும்போது ஒரு தமிழ்க் குறி ஒன்பது எழுத்தாக விரியும். 'கி' என்பது ககரமும் அதன் மேல் வரும் விசிறியுமாக (ி) இரண்டு குறி, ஆகவே பதினெட்டு. கோப்புப் பெயருக்கு எல்லை 255. கொஞ்சம் நீளமான தமிழ்த் தலைப்பு வைத்தவுடன் சேமிக்க மறுத்துவிடும். நிறுவிய அன்றே கோப்புப் பெயர்க் குறியாக்கத்தை, தமிழை இப்படி விரிக்காமல் அப்படியே எழுதும் யூ.டி.எஃப்-8 என்று மாற்றிவிடுங்கள். நூறு பக்கம் எழுதிய பிறகு மாற்றுவது தலையிடி.

மீடியாவிக்கி விக்கிப்பீடியாவை இயக்குவது. வார்ப்புரு (ஒருமுறை எழுதிப் பல பக்கங்களில் அழைப்பது), பகுப்பு (பக்கங்களை வகைப்படுத்துவது), வழிமாற்று (ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு பக்கத்துக்குக் கொண்டுபோவது) எல்லாம் அதில் பலமானவை. ஆனால் சில பக்கங்களைச் சிலருக்கு மட்டும் காட்ட வேண்டும் என்றால் அது அதற்காகக் கட்டப்பட்டதில்லை. புக்ஸ்டாக் அலுமாரி, புத்தகம், அத்தியாயம், பக்கம் என்று அடுக்கும். இணைப்புகளால் யோசிக்கப் பழகாதவர்களுக்கு அது வசதி. கொன்ஃபுளுவன்ஸ் கட்டணம் உள்ளது. தங்கள் சொந்த சேர்வரில் போடுகிற சாதாரணப் பதிப்புக்கான ஆதரவை அதன் நிறுவனமான அட்லாசியன் 2024 பெப்ரவரியில் நிறுத்திவிட்டது. கொழும்பிலோ வெளிநாட்டிலோ தலைமை அலுவலகம் உள்ளவர்களுக்கு அது ஏற்கெனவே கிடைத்திருக்கும். கிடைத்திருந்தால் மறுபேச்சில்லாமல் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு விக்கி இருப்பதை விடக் கேடு வேறில்லை.

மின்சாரம் போனால், இணையம் போனால் என்ன செய்வது?

2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டுப் பார்த்தவர்கள் நாம், கேட்க வேண்டிய கேள்விதான். அவசியமான பக்கங்களின், உதாரணமாக நிறுவும் முறை, தரவை மீட்கும் முறை ஆகியவற்றின் பிரதியை வாரம் ஒருமுறை வெளியே பயணிக்கிறவர்களின் மடிக்கணினிகளில் போட்டுவைக்கிறோம், மேலே பிரித்தெடுத்த திகதியோடு. மேலே சாவகச்சேரிக் கதையில் நான் திட்டிய பிரதிதானே இது என்று கேட்பீர்கள். ஆம், அதுவேதான். அதனால்தான் திகதி.

காப்புப் பிரதி வேறு விடயம். டோக்குவிக்கி என்றால் இரண்டு கோப்புறைகளைப் பிரதி எடுத்தால் போதும். மீடியாவிக்கிக்குத் தரவுத்தளம், படங்கள், அமைப்புக் கோப்பு மூன்றும் வேண்டும். எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் ஒவ்வோர் இரவும் ஒழுங்காகக் காப்புப் பிரதி எடுத்தார்கள், அதே சேர்வரின் அதே வன்தட்டில். ஒரே பிரதியை ஒரே கட்டடத்தில் வைத்திருப்பதன் விலை என்ன என்று 1981 இல் நூலகம் எரிந்ததைக் கண்ட ஊருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

தமிழில் எழுதினால் தேடும்போது கிடைப்பதில்லை. ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமா?

முதலில் பாமினியைப் பாருங்கள். பழைய கையேடுகள் பல பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. அவற்றை அப்படியே வெட்டி விக்கியில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகத் தெரியும். சிலர் பக்கத்துக்கே பாமினி எழுத்துருவைக் கொடுத்து அழகாகத் தெரிய வைத்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது உளறல். எந்தத் தேடலிலும் வராது. ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டு ஒட்டுங்கள். மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே உண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை கண்ணால் வாசியுங்கள், இடையில் இருந்த ஆங்கிலச் சொற்களும் எண்களுடன் கூடிய குறிகளும் விநோதமான தமிழாகியிருக்கும்.

இரண்டாவது சிக்கல் வேற்றுமை உருபு. பல விக்கிகளின் தேடல், தட்டச்சுச் செய்த சொல் அப்படியே இருக்கிறதா என்றுதான் பார்க்கும். 'பற்றுச்சீட்டு' என்று தேடினால் 'பற்றுச்சீட்டை', 'பற்றுச்சீட்டில்' என்று எழுதிய பக்கங்கள் வராமல் போகலாம். சொல்லின் இறுதியை விட்டுவிட்டு 'பற்றுச்சீட்' என்பதோடு உடுக்குறி (*) போட்டுத் தேடலாம். டோக்குவிக்கியிலும் மீடியாவிக்கியிலும் அது வேலை செய்யும். ஆனால் எல்லோரும் அப்படித் தேடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே தலைப்பில் சொல்லை உருபு இல்லாமல் வையுங்கள். 'பற்றுச்சீட்டை இரத்துச் செய்தல்' என்பதை விட 'பற்றுச்சீட்டு: இரத்துச் செய்தல்' கண்டுபிடிக்கச் சுலபம்.

மூன்றாவது, ஒரு பொருளுக்குப் பல பெயர். நாம் பற்றுச்சீட்டு என்கிறோம், கடைக்காரர் பில் என்கிறார், நிரலில் வேறு ஆங்கிலப் பெயர், சென்னையில் படித்துவந்தவர் ரசீது என்கிறார். எது சரி என்று விவாதித்து அரை நாளைக் கழிக்க வேண்டாம். ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்ற எல்லாவற்றிலிருந்தும் வழிமாற்று கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதுவதா என்ற கேள்விக்கு: யார் வாசிக்கப் போகிறார் என்று பாருங்கள். நிரலாளருக்கான பக்கம் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கடைகளுக்குப் போகிற பையன்களுக்கான பக்கம் தமிழில் இருந்தால் தொலைபேசி அழைப்புக் குறையும்.

கையேடு சிங்களத்திலும் வேண்டும் என்கிறார்கள். மூன்று மொழியை எப்படி ஒன்றாகக் கொண்டுபோவது?

மூன்றும் சமமாகப் புதுப்பிக்கப்படும் என்று கனவு காணாதீர்கள். ஒரு மொழியை மூலம் என்று தீர்மானியுங்கள். மற்ற இரண்டின் தலையிலும், மூலத்தின் எந்தத் திகதிப் பதிப்பிலிருந்து மொழிபெயர்த்தது என்று எழுதுங்கள். மூலத்தின் வரலாற்றில் அந்தத் திகதியையும் இன்றையதையும் ஒப்பிட்டால் மாறிய வரிகள் மட்டும் தனித்துத் தெரியும். மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வரிகளை மட்டும் அனுப்பலாம், அவருடைய கட்டணமும் குறையும். விக்கி கொடுக்கும் வசதிகளில் ஆகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவது இந்த ஒப்பீடுதான் என்பது என் எண்ணம்.

ஒரே தகவல் பத்துப் பக்கங்களில் வருகிறது. ஒன்றை மாற்றினால் மற்றவை பழையதாகவே நிற்கின்றன.

இதற்குத்தான் வார்ப்புரு. வற் எனப்படும் பெறுமதி சேர் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூன் 1 அன்று 8 வீதத்திலிருந்து 12 ஆனது, அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று 15, 2024 ஜனவரி 1 அன்று 18. பத்தொன்பது மாதத்தில் மூன்று மாற்றம். எங்கள் கையேட்டில் பற்றுச்சீட்டு, கொள்வனவு, பணம் திருப்புதல், அறிக்கைகள் என்று பல பக்கங்களில் அந்த எண் வருகிறது. முதல் மாற்றத்தின்போது ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன், இரண்டு பக்கங்களை விட்டுவிட்டேன். பிறகு 'வற் வீதம்' என்று ஒரு சிறு பக்கத்தில் எண்ணை மட்டும் எழுதி, மற்ற எல்லாப் பக்கங்களிலும் அதை அழைத்தேன். 2024 புத்தாண்டில் மாற்றியது ஒரே ஓர் எண்.

மீடியாவிக்கியில் இது பிறவியிலேயே உண்டு. டோக்குவிக்கியில் தனியாக ஒரு செருகியைப் போட வேண்டும். ஆனால் எல்லாவற்றையும் வார்ப்புருவாக்கும் பைத்தியம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தைத் தொகுக்கத் திறக்கும் பொறியியலாளர், வாக்கியத்துக்குப் பதிலாக அடைப்புக்குறிக் காட்டைக் கண்டால் மூடிவிட்டுப் போய்விடுவார். எண்கள், எச்சரிக்கைகள், தொடர்பு விவரம் மட்டும் போதும்.

வாடிக்கையாளர் ஒருவர் இன்னும் 2023 பதிப்பைத்தான் வைத்திருக்கிறார். பக்க வரலாற்றில் போய் அந்தக் காலக் கையேட்டை எடுத்துக் கொடுக்கலாமா?

எடுக்கலாம் போலத் தோன்றும். எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். மீடியாவிக்கியில் 2023 இன் பக்கத்தைத் திறந்தாலும், அதற்குள் அழைக்கப்படும் வார்ப்புரு இன்றைய நிலையில்தான் தெரியும். முந்திய பதிலில் சொன்ன 'வற் வீதம்' அந்தப் பழைய பக்கத்திலும் 18 என்று காட்டும். படங்களும் அப்படியே. அதே பெயரில் புதிய திரைப் படத்தை மேலேற்றியிருந்தால் பழைய பக்கத்துக்குள்ளும் புதிய படம் வந்து உட்கார்ந்திருக்கும். உரை ஒரு காலம், படம் ஒரு காலம், எண் ஒரு காலம். இப்படி ஒரு கலவையை நானே ஒருமுறை அனுப்பிவிட்டு அசடு வழிந்திருக்கிறேன்.

விக்கி எப்போதும் இன்றைக்கு உரியது. மென்பொருளின் ஒவ்வொரு பதிப்பும் வெளியாகிற அன்று, வாடிக்கையாளருக்கு உரிய பக்கங்களை பி.டி.எஃப். ஆக எடுத்து, பதிப்பு எண்ணோடு தனியே பூட்டிவைத்துவிடுங்கள். பிறகு அதைத் தொடாதீர்கள். விக்கியில் உள்ளது சமையற்கட்டு, வாடிக்கையாளருக்குப் போவது இலையில் பரிமாறியது. சமையற்கட்டில் எல்லோரும் புகலாம், இலையில் என்ன வைப்பது என்பதை நீங்கள் பார்த்து வையுங்கள்.

கடவுச்சொற்களையும் வாடிக்கையாளர் விவரங்களையும் விக்கியில் போட்டால் எல்லோருக்கும் வசதிதானே?

வேண்டவே வேண்டாம். வசதி என்பதுதான் ஆபத்து. விக்கி மறப்பதில்லை என்று முன்பு புகழ்ந்தேன். இங்கே அதுவே கழுத்தைப் பிடிக்கும். பக்கத்திலிருந்து அழித்தாலும் வரலாற்றில் நிற்கும். வரலாற்றிலிருந்து மறைத்தாலும் சேர்வரிலும் காப்புப் பிரதிகளிலும் நிற்கும். யாராவது தவறிப் போட்டுவிட்டால், அழிப்பதற்கு முன் அந்தக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி, அடையாள அட்டை இலக்கம் தெரிகிற திரைப் படங்களும் இதே வகைதான். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென்று இலங்கையில் 2022 இன் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கையேட்டுக்கென்று கற்பனைக் கடை ஒன்றை உருவாக்கி, அதிலேயே எல்லாப் படங்களையும் எடுங்கள். எங்கள் கற்பனைக் கடையில் மிளகாய்த்தூளும் பனங்கட்டியும் மட்டும்தான் விற்பனை.

என் ஒப்புதல் இல்லாமல் ஒன்றும் மாறக்கூடாது என்கிறார் முகாமையாளர். அப்படியானால் விக்கிக்கு அர்த்தமே இல்லையே?

அவரை முட்டாளாக நினைக்க வேண்டாம். மருந்தகக் கணக்கில் பிழையான ஒரு வழிமுறை போனால் திட்டு வாங்குபவர் அவர்தான். அவருக்கும் உங்களுக்கும் இடையில் நிற்பது 'ஒன்றும்' என்ற ஒரு சொல். வாடிக்கையாளருக்குப் போகிறவற்றுக்கு ஒப்புதல் வேண்டும், அது சமையற்கட்டு உதாரணத்தில் சொன்ன இலை. உள்ளே உள்ள குறிப்புகளுக்கு வேண்டாம். இந்தக் கோட்டைக் கிழித்துக் காட்டினால் பெரும்பாலானோர் இறங்கி வருவார்கள்.

இறங்கி வராவிட்டால், ஒப்புதல் பெற்ற திருத்தத்தை மட்டும் மற்றவர்களுக்குக் காட்டும் நீட்சிகள் மீடியாவிக்கிக்கும் டோக்குவிக்கிக்கும் உண்டு. போட்டுப் பார்க்கலாம். என் அனுபவத்தில் இரண்டு வாரத்துக்குள் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பக்கங்கள் குவிந்து, அவரே எடுத்துவிடச் சொல்வார்.

விக்கி போட்டோம். ஆறு மாதம் நன்றாக ஓடியது. இப்போது யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கே பிழை?

ஒரு பக்கத்தை நம்பி ஒருவர் ஏமாந்திருப்பார். ஒருமுறை போதும். பிழையான பக்கம் ஒன்று, சரியான நாற்பது பக்கங்களின் மீதுள்ள நம்பிக்கையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். அதன் பிறகு அவர் வட்ஸ்அப்புக்குத் திரும்பிவிடுவார், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு.

பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் பெயரையும், கடைசியாகச் சரிபார்த்த திகதியையும் தலையில் போடுங்கள். சரிபார்த்தது வேறு, திருத்தியது வேறு. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் திருத்திய திகதி மாறிவிடும். பொறுப்பாளர் வேலையை விட்டுப் போகும்போது, மடிக்கணினியை ஒப்படைப்பதுபோல அவருடைய பக்கங்களையும் இன்னொருவர் பெயருக்கு மாற்றுங்கள். வெளிநாட்டு விசா கிடைத்து ஒரே மாதத்தில் பறந்துவிடுகிற ஊர் இது. பிறகு, துணிந்து நீக்குங்கள். எங்கள் விக்கியில் கடந்த தை மாதம் பாதிக்குக் கிட்டப் பக்கங்களை ஒதுக்கிவைத்தோம், ஒருவரும் தேடி வரவில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் பதில் சொல்கிறது. இனி விக்கி எதற்கு?

உங்கள் நிறுவனத்தின் மாத முடிவுக் கணக்கு முறை அதற்கு எங்கிருந்து தெரியும்? உங்கள் பக்கங்களைக் கொடுத்தால்தான் தெரியும். முரண்பட்ட மூன்று பக்கங்களைக் கொடுத்தால், மூன்றில் ஒன்றைத் தேர்ந்து மிக நம்பிக்கையான குரலில் சொல்லும். கிணறு கலங்கியிருக்க, மோட்டரை மாற்றிப் பயனில்லை.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. விக்கியில் எழுதிப் பழக எங்கே போவது? நேர்முகத்தில் காட்டவும் ஏதாவது வேண்டும்.

தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் போங்கள். 2003 இல் தொடங்கியது. அதன் தொடக்க ஆண்டுகளிலிருந்து எழுதி அதை வளர்த்தவர்களில் முதன்மையானவரான இ. மயூரநாதன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், தொழிலால் கட்டடக் கலைஞர். கணக்கு ஒன்றைத் திறந்தால் உங்களுக்கென்று மணல்தொட்டி கிடைக்கும், அதில் என்ன செய்தாலும் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். பிறகு புதிய கட்டுரை எழுதப் பாயாமல், இருக்கிற கட்டுரைகளில் இணைப்பு இல்லாதவற்றுக்கு இணைப்பு, பகுப்பு இல்லாதவற்றுக்குப் பகுப்பு என்று தொடங்குங்கள். நம்முடைய தொழிலின் பாதி அதுதான். உங்கள் திருத்தம் மீளமைக்கப்பட்டால் உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். அந்த உரையாடலை மரியாதையாக நடத்திய ஒருவரை நான் நேர்முகத்தில் உடனே எடுத்துவிடுவேன்.

2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தையும் ஒருமுறை தொழில்நுட்பக் கண்ணோடு பாருங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்திருக்கும் அந்தத் தளம் இயங்குவது மீடியாவிக்கியில். நூல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்று ஒரே ஒழுங்கில் வரும். பத்துப் பக்கங்களைத் திறந்து, 'மூலத்தைப் பார்' அல்லது 'தொகு' என்ற இடத்தில் வார்ப்புரு எப்படி நிரப்பப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு உங்கள் வீட்டிலுள்ள ஏதாவது ஒரு கருவிக்கு, தண்ணீர் மோட்டருக்கு என்றாலும் சரி, அதே ஒழுங்கில் ஐந்து பக்கங்கள் எழுதுங்கள். உங்கள் மடிக்கணினியிலேயே டோக்குவிக்கியைப் போட்டு எழுதினால், நேர்முகத்துக்கு வரும்போது மடிக்கணினியைக் கையோடு கொண்டுவரலாம்.